சுன்னத்துக்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள்: எப்படி மரத்துப்போக வைப்பீர்கள்?

மேலப்பாளையத்தில் வாப்பா ஆரம்பித்த மெடிக்கலில் பதினாலு வருஷமாக கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். டி.பார்ம் படித்தவள். இரண்டு ஆண் பிள்ளைகளுக்கு உம்மா. மே மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஒரே மாதிரிச் சீட்டு வர ஆரம்பிக்கும்: ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப், ஒரு பாராசிட்டமால், ஒரு களிம்பு, ஒரு கட்டு காஸ். சீட்டோடு நிற்கிறவரிடம், "சுன்னத்தா காக்கா? மரத்துப்போற ஊசி போட்டாங்களா?" என்று கேட்பேன். "போட்டிருப்பாங்கம்மா" என்பார். என்ன ஊசி, எப்போது போட்டார்கள் என்று தெரிந்துவைத்திருப்பவர் அபூர்வம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். மூத்தவனுக்கு இருபத்திரண்டு நாளில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் செய்தோம். "ரெண்டு நிமிஷ வேலை, பச்சப் பிள்ளைக்கு ஒன்னும் தெரியாது" என்றார்கள். மருந்துக்கடையில் உட்கார்ந்து ஊருக்கே அளவு சொல்கிறவள், என் பிள்ளைக்கு என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், உள்ளே நின்றார். ஊசியைக் குத்தி எடுத்த கையோடு கத்திரியை எடுத்துவிட்டார்கள் என்று ராத்திரிதான் சொன்னார். கதவுக்கு வெளியே நான் கேட்ட அழுகை பசி அழுகையும் இல்லை, தடுப்பூசி அழுகையும் இல்லை. ஒரு கட்டத்தில் குரலே வராமல் மூச்சை மட்டும் இழுத்தான். அன்றைக்கு முழுக்கப் பால் குடிக்கவில்லை.

மரத்துப்போக வைக்கிற லிக்னோகெயின் ஊசி வேலை செய்ய குறைந்தது மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் வேண்டும். போட்டவுடனே வெட்டினால், போட்டும் போடாத கணக்குத்தான். இது எனக்குப் பாடத்தில் வந்தது. வேண்டிய நாளில் ஞாபகம் வரவில்லை. இளையவனுக்கு வேறு மாதிரிச் செய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செய்வதா, எப்போது செய்வது

எங்கள் வீட்டில் ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு), மச்சான் வீட்டில் ஹனஃபி. கத்னா என்கிற இந்தச் சுன்னத் ஷாஃபியில் வாஜிபு, அதாவது கட்டாயக் கடமை; ஹனஃபியில் வலியுறுத்தப்பட்ட நபிவழி. ஆக எங்களைப் போன்ற வீடுகளில் 'செய்வதா' என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. 'எந்தத் தேதியில்' என்ற கேள்விக்கு மட்டும் வீட்டில் தேவையில்லாத அவசரம் வந்துவிடுகிறது. ஏழாம் நாள், பிள்ளை பிறந்ததற்காக ஆடு அறுத்துக் கொடுக்கிற அகீகாவோடு சேர்த்து முடித்துவிட வேண்டும் என்று மாமிமார் சொல்வார்கள். ஏழாம் நாள் விரும்பத்தக்கது என்பதுதான் ஷாஃபி சட்டம். பிள்ளை பலவீனமாக இருந்தால் தள்ளிப்போடலாம் என்பதும் அதே சட்டம்தான். கடமை என்று வருவது பிள்ளை வயதுக்கு வந்த பிறகு. மஞ்சள் காமாலையில் கண் மஞ்சளாக இருக்கிற பிள்ளையை, பத்திரிகை அடித்துவிட்டோம் என்பதற்காகத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. மரத்துப்போக மருந்து கொடுப்பதை மார்க்கம் தடுக்கவும் இல்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களைச் சமாதானப்படுத்த அதுதான் சுலபமான வழி.

வேறு மதத்து வீடுகளிலிருந்தும் கடைக்கு வருவார்கள். "தோல் பின்னாடி போகல, வெட்டணும்னு சொல்றாங்க" என்று நான்கு மாதப் பிள்ளையோடு ஒரு அம்மா அழுதுகொண்டே வந்தார். பிறந்த பிள்ளைகளில் நூற்றில் தொண்ணூற்றாறு பேருக்கு முன்தோல் பின்னால் போகாது என்று பிரிட்டனில் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949-லேயே எழுதிவிட்டார். அது நோய் இல்லை. வளர வளரத் தானே பிரியும். குளிப்பாட்டும்போது எண்ணெய் போட்டுப் பின்னால் தள்ளுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள், தள்ளித்தள்ளிக் கிழிந்து ஆறும்போதுதான் தழும்பாகி உண்மையிலேயே இறுகுகிறது. பெரிய பையனுக்கு இறுக்கமாக இருந்தாலும் முதலில் சில வாரம் ஸ்டீராய்டு களிம்பு போட்டுப் பார்ப்பார்கள், நிறையப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். வெட்டச் சொன்னால் குழந்தை அறுவை நிபுணர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

மருத்துவப் பலன் என்று சொல்லப்படுவதையும் அளவோடு பார்க்க வேண்டும். முதல் வருஷத்தில் சிறுநீர்த் தொற்று குறையும் என்பது உண்மை. ஆனால் ஆரோக்கியமான ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவருக்கு வருகிற தொற்று அது. ஒரு பிள்ளைக்கு வராமல் தடுக்க நூற்றுப்பத்துப் பிள்ளைக்குப் பக்கம் செய்ய வேண்டியிருக்கும். சுன்னத் எச்.ஐ.வி. தொற்றைக் குறைக்கும் என்று காட்டிய ஆப்பிரிக்க ஆய்வுகள் வளர்ந்த ஆண்களிடம் நடந்தவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் பலன் அதிகம் என்று சொல்லியும் எல்லாப் பிள்ளைக்கும் பரிந்துரைக்கவில்லை. கனடாச் சங்கம் 2015-ல் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்றது. பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்பது நெதர்லாந்து மருத்துவர்களின் நிலை. நாங்கள் மார்க்கத்துக்காகச் செய்தோம். அதை மருத்துவக் காரணம் சொல்லி மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

வயதைப் பொறுத்தவரை நடைமுறையில் இரண்டு வாசல்தான். ஒன்று, பிறந்த முதல் ஒன்றிரண்டு மாதம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்யலாம். அதை விட்டால், பிள்ளை காலை உதைத்துப் புரளுகிற வயதில் முழு மயக்கம் தேவைப்படும். அதற்கு மயக்க டாக்டரும் சரியான தியேட்டரும் உள்ள ஆஸ்பத்திரி வேண்டும். இரண்டும் கெட்டானாக, எட்டு மாதப் பிள்ளையை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துச் செய்வதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான வழி.

யாருக்கு இப்போது வேண்டாம்

தேதி குறிக்கும் முன்னால் ஒரு டாக்டர் பிள்ளையை வெளிச்சத்தில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்னுக்குப் போகிற துவாரம் நுனியில் இருக்கிறதா? சில பிள்ளைகளுக்கு அது அடிப்பக்கம் இருக்கும், முன்தோல் மேல்பக்கம் மட்டும் தொப்பி போட்ட மாதிரி நிற்கும். ஹைப்போஸ்பேடியாஸ் என்பார்கள். அப்படிப் பிறந்த பிள்ளையைப் பார்த்து, "பிறக்கும்போதே சுன்னத்தோட பிறந்திருக்கான், பரக்கத்து" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த மிச்சத் தோல்தான் பிறகு துவாரத்தைச் சரிசெய்யத் தேவைப்படும். அதைத் தொடவே கூடாது. குறி வளைந்திருந்தாலும், கொழுப்புக்குள் புதைந்த மாதிரி இருந்தாலும் அதே பேச்சுத்தான்.

அடுத்தது ரத்தம். பிள்ளையின் உம்மா வழியில், மாமன்மாரில் யாருக்காவது பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது, அடிபட்டால் மூட்டு வீங்கும் என்று உண்டா? இருந்தால் உறைவுப் பரிசோதனை முடியாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். ஹீமோஃபீலியா என்கிற இந்த நோய் உம்மா வழியாகத்தான் மகனுக்கு வரும். இரண்டு அண்ணன்மார் கத்னாவில் ரத்தம் போய் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்யாதே என்று யூதர்களின் மதச் சட்ட நூலான தல்மூதில் இருக்கிறது. பெயர் தெரியாத காலத்திலேயே அந்த நோயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாம் இன்னும் கேட்காமல் இருக்கலாமா? பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான், ஒரு டம்ளர். அதில் ஐந்து ஸ்பூன் போனால் பத்தில் ஒரு பங்கு போச்சு.

குறைமாதம், எடை ஏறாத பிள்ளை, காய்ச்சல், காமாலை: காத்திருங்கள்.

வலிக்கு என்ன செய்வார்கள்

பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாது என்று டாக்டர்களே நம்பிய காலம் உண்டு. 1980-கள் வரைக்கும் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரிய அறுவைகளைக்கூட மிகக் குறைந்த வலி மருந்தோடு செய்தார்கள். இந்தூரில் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற நம் நாட்டு டாக்டர் 1987-ல் அதை மாற்றினார். நல்ல வலி மருந்து கொடுத்துச் செய்த குறைமாதப் பிள்ளைகள் அறுவைக்குப் பிறகு நன்றாகத் தேறின என்று அளந்து காட்டினார். பத்து வருஷம் கழித்து டொரண்டோவில் இன்னொன்று பார்த்தார்கள். சுன்னத் செய்த பிள்ளைகள் நான்கு, ஆறு மாதத் தடுப்பூசியின்போது செய்யாத பிள்ளைகளைவிட அதிகமாக வலியில் துடித்தன. மரக்கிற களிம்பு போட்டுச் செய்த பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் இருந்தன. அறிவுக்கு எட்டாவிட்டாலும் உடம்பு மறக்கவில்லை. என் மூத்தவன் தடுப்பூசிக்குப் போன நாளெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது உள்ள வழிகளைச் சொல்கிறேன்.

முதல் தரம் ஊசிதான். லிக்னோகெயின் மருந்தைக் குறி உடம்போடு சேருகிற வேரில், மேல்பக்கம் இரண்டு நரம்பு வருகிற இடத்தில் போடுவது ஒரு முறை. சுற்றி வளையமாகப் போடுவது இன்னொரு முறை. 1997-ல் கனடாவில் ஊசி இரண்டையும் களிம்பையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி வேலை செய்தது வளைய ஊசி. உங்கள் டாக்டர் எதில் கை பழகியவரோ அதுவே சரி. கடைக்காரியாக இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, எங்கள் அலமாரியில் லிக்னோகெயின் 2 சதவீதம்தான் அதிகம் இருக்கும். பச்சைப் பிள்ளைக்கு வழக்கமாக 1 சதவீதம் போடுவார்கள், அதுவும் எடையைப் பார்த்து. ஆகவே அன்று காலை எடுத்த எடை கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்று ஒரு குப்பி வரும், லேபிள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இந்த இடத்துக்கு அது ஆகாது. ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும். மருந்து வாங்கி வரச் சொன்னால் லேபிளை இரண்டு தடவை படியுங்கள்.

அடுத்தது களிம்பு, லிக்னோகெயினும் பிரிலோகெயினும் சேர்ந்தது. ஊசியைவிட மட்டு. அதைத் தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். பத்து நிமிஷம் தடவிவிட்டு "மரத்திருக்கும்" என்றால் நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு ஒரு கிராமுக்கு மேலும், ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகக் கூடாது. அதிகமானால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உதடு நீலமாகும். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி) குறை உள்ள வீடு என்றால் களிம்பே வேண்டாம். வீட்டில் நீங்களாகத் தடவிக்கொண்டு போகவும் வேண்டாம். எனக்குப் பிடித்த முறை, இளையவனுக்குச் செய்தது: ஊசி குத்துகிற வலிக்காக முன்கூட்டியே களிம்பு, பிறகு ஊசி, பிறகு ஐந்து நிமிஷம் காத்திருப்பு.

சர்க்கரைத் தண்ணீர் மூன்றாவது. ஆஸ்பத்திரியில் 24 சதவீதச் சர்க்கரைக் கரைசல் வைத்திருப்பார்கள். இரண்டு நிமிஷம் முன்னால் சில சொட்டு நாக்கில் விட்டால் அழுகை குறையும். துணைக்கு நல்லது. அதை மட்டும் வைத்துக்கொண்டு வெட்டக் கூடாது. சர்க்கரைக்குப் பதில் தேன் தடவ வருவார்கள் கண்ணும்மாமார் (பாட்டிமார்). ஒரு வயசு வரைக்கும் தேன் வேண்டாம், அதிலிருந்து வருகிற கிருமி பிள்ளையின் நரம்பை முடக்கிவிடும்.

பாராசிட்டமால் வெட்டுகிற நேரத்து வலியைத் தடுக்காது. மரக்கிற ஊசியின் வேகம் இறங்கின பிறகு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வருகிற எரிச்சலுக்குத்தான் அது.

முழு மயக்கம் என்றால், மயங்கின பிறகும் அந்த மரக்கிற ஊசியைப் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் விழிக்கும்போது வலியோடு விழிக்க மாட்டான். வெறும் வயிற்றுக் கணக்கு: தாய்ப்பால் என்றால் நான்கு மணி நேரம், புட்டிப்பாலும் சோறும் ஆறு மணி நேரம். பாசத்தில் யாராவது ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இளையவனுக்கு முன்னால் மூன்று இடத்தில் போய்க் கேட்டோம். கேள்வியை ஒரு தாளில் எழுதி மச்சான் சட்டைப்பையில் வைத்திருந்தார். யார் கையால் செய்வார்கள், எத்தனை பிள்ளைக்குச் செய்திருக்கிறார்? எந்த மருந்தால் மரக்க வைப்பீர்கள், போட்டபிறகு எத்தனை நிமிஷம் காத்திருப்பீர்கள், மரத்ததா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? தையலா, பிளாஸ்டிக் வளையமா, கிளாம்ப்பா (தோலைக் கவ்வுகிற உலோகக் கருவி)? லேசர் என்று போர்டு வைத்திருந்தால், அது உண்மையில் லேசரா, கரண்டுச் சூட்டுக்கோலா? உலோகக் கிளாம்ப் மாட்டியிருக்கும்போது கரண்டுச் சூடு பட்டால் குறி முழுக்க வெந்துபோகிற ஆபத்து உண்டு. ராத்திரி ரத்தம் வந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் எடுப்பாரா?

ஒரு இடத்தில் காத்திருப்புக் கேள்விக்கே கோபம் வந்தது. "நாங்க பண்ணாததா?" என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். மூன்றாவது இடத்தில் அந்த டாக்டர் கடிகாரத்தைக் காட்டி, "ஊசி போட்டதும் நீங்களே நேரம் பாருங்க தம்பி, அஞ்சு நிமிஷம் ஆனதும் சொல்லுங்க" என்றார். அங்கேயே செய்தோம்.

ஜமாஅத் நடத்துகிற இலவச முகாமுக்கும் இதே கேள்விகள்தான். ஒரே நாளில் வரிசையாகச் செய்யும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கிருமி நீக்கிய கருவி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசம் என்பதால் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஊரில் சுன்னத் செய்துவந்த ஒஸ்தாமாரைப் பற்றி ஒரு வார்த்தை. வாப்பாவுக்கு ஒஸ்தாதான் செய்தார். கவிழ்த்த உரலில் உட்கார வைத்து, சுற்றி எல்லாரும் "தீன்! தீன்!" என்று சத்தம் போட, மேலே பார் என்று சொல்லி முடித்துவிட்டாராம். துணியைச் சுட்ட சாம்பலைப் புண்ணில் வைத்து, கைலியின் நடுவைக் கயிற்றால் உத்தரத்தில் தூக்கிக் கட்டி, பத்து நாள் நாட்டுக்கோழி முட்டை. ஊர் அவர்களை மரியாதையாக நடத்தியது, அவர்கள் கையும் தேர்ந்த கை. அவர்களிடம் மரக்கிற மருந்து கிடையாது, அவ்வளவுதான். இன்றைக்கு மருந்து இருக்கிறது. அதனால் நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்வேன். அந்தக் கைலிக் கயிறு மட்டும் பெரிய பையன்களுக்கு இன்றும் அருமையான யோசனை.

அன்றைக்கும் அதற்குப் பிறகும்

இளையவனுக்கு முப்பதாம் நாள். காலையில் எடை 3 கிலோ 800. நான் உள்ளே நின்றேன். மச்சான் கடிகாரம் பார்த்தார். ஊசி குத்தும்போது ஒரு கத்தல், அதோடு சரி. பிறகு சர்க்கரைத் தண்ணீர் நனைத்த காஸைச் சப்பிக்கொண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்தேன், குடித்தான். மூத்தவனுக்கும் இவனுக்கும் இருந்த வித்தியாசத்தை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கவனிக்க வேண்டியது மருந்தளவு. இங்கேதான் கடையில் தினமும் பயப்படுகிறேன். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லியில் 125, இன்னொரு சிரப்பில் ஐந்து மில்லியில் 250. ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. மூன்றரைக் கிலோ பிள்ளைக்குச் சொட்டு மருந்தில் அரை மில்லியைத் தாண்டாது. 125 சிரப்பில் அதே அளவு இரண்டு மில்லி. சிரப்புக்குச் சொன்ன "ரெண்டு மில்லி"யைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு. சீட்டில் எழுதின அதே பாட்டிலா என்று பாருங்கள், அதோடு வருகிற சொட்டுக்குழாயையே பயன்படுத்துங்கள், எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பதை டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சம் இருக்கிற ஐபுப்ரோஃபென் ஆறு மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு வேண்டாம். ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

தையல் போட்டிருந்தால் ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் வாசலின் தாராளமாகத் தடவிய காஸ் வையுங்கள், ஒட்டாது. டயபர் போட்டால் ஒரு சைஸ் பெரிதாக. மஞ்சள், சாம்பல், தேங்காயெண்ணெய் எதுவும் புண்ணில் வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாள் மொட்டின், அதாவது குறி நுனியின், மேல் மஞ்சளாகப் படலம் வரும். அது சீழ் இல்லை, ஆறுகிற தோல். துடைத்து எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் வளையம் ஒரு வாரம் பத்து நாளில் தானே விழும். இழுக்காதீர்கள். பத்து நாளுக்கு மேலும் நின்றாலோ, கீழே இறங்கித் தண்டை இறுக்கினாலோ உடனே காட்டுங்கள்.

ரத்தம் ஒரு சொட்டு இரண்டு சொட்டு டயபரில் இருக்கலாம். கசிந்துகொண்டே இருந்தால் சுத்தமான காஸ் வைத்து விடாமல் பத்து நிமிஷம் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் நிற்காது. பத்து நிமிஷத்துக்குப் பிறகும் வந்தால், அழுத்தின கையோடு ஆட்டோ ஏறுங்கள், ராத்திரி இரண்டு மணி என்றாலும் சரி. எட்டு மணி நேரம் ஒன்னுக்குப் போகவில்லை, சிவப்பு வயிற்றுப் பக்கம் ஏறுகிறது, நாற்றமடிக்கிறது, மொட்டு கறுத்துவிட்டது, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறான் என்றாலும் அப்படித்தான். மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் கடைக்கு மருந்து கேட்டு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வந்தால் நானும் அங்கேதான் அனுப்புவேன்.